பெக் தெரு, 14

அலுவலகத்துக்கு எழுதிய முதல் கடிதத்தில்
நான் கொஞ்சம் அதட்டலாகவே இருந்தேன்.
ஐயா, சிப்பாய் கிளெமென்ட் ஃபெதரின் வீடு
கீத்லி, பெக் தெரு, நாற்பத்தொன்று.
உங்கள் பதிவேட்டில் பதினான்கு என்று கிடக்கிறது.
இலக்கங்கள் இடம் மாறிவிட்டன.
நூற்றுச் சொச்சம் வருடமாக அவன்
எதிர்வீட்டுக்காரனாகச் செத்துக்கிடக்கிறான்.

எனக்குத் தெரியும் என்றுதான் எழுதினேன்.
நாற்பத்தொன்றில் இப்போது இருப்பவன் நான்.
தவிர, தபால்காரன்.
விடியுமுன் கொட்டகையில் நின்று
தூக்கக் கலக்கத்தில் யாரோ கிறுக்கிய
ஒன்றையும் ஏழையும் பிரித்தெடுப்பவன்.
பிழை விலாசம்தான் என் பிழைப்பு.

ஆதாரம் கேட்டார்கள்.
குடிக்கணக்கின் நகல் அனுப்பினேன்:
ஹன்னா ஃபெதர், விதவை, கம்பளி நூற்பாலை,
ஒரே மகன்.
பள்ளிக்கூட இடாப்பு அனுப்பினேன்.
வாடகைப் புத்தகத்தைப் படமெடுத்து அனுப்பினேன்,
வாரம் மூன்று ஷில்லிங், ஒரு வாரம் பாக்கி.
மனைவி கேட்டாள்:
உங்கட கோப்பில பிறந்த ஊர் கண்டி எண்டு கிடக்கே,
கச்சாய் எண்டு மாத்தச் சொல்லி
ஒரு கடிதம் போட்டனீங்களோ?

போடவில்லை.
அந்தப் பிழையோடுதான் நான் பிழைத்தது.
அதைத் தொட எனக்குப் பயம்.

பிறகு ஸ்கிப்டனில் இருந்து ஓர் ஆள் வந்தார்,
லெஸ்லி எம்மட்,
பதினான்கில் இருந்த குடும்பத்தின் கடைசி மனிதர்.
பிஸ்கட் தகரத்துக்குள்
பயிற்சி முகாமிலிருந்து பென்சிலில் ஒரு கடிதம்.
கிளெமென்ட் எழுதியது. அம்மாவுக்கு அல்ல,
எதிர்வீட்டுத் திருமதி எம்மட்டுக்கு.

'வீட்டு விலாசம் கேட்டார்கள்.
உங்கள் இலக்கத்தைக் கொடுத்துவிட்டேன், கோபிக்க வேண்டாம்.
ஏதாவது வந்தால் உடனே சொல்லாதீர்கள்.
வாரநாளில் அம்மா கதிர்களுக்கு நடுவே நிற்பாள்,
கவனம் தப்பினால் விரல் போய்விடும்.
சனிக்கிழமை அரைநாள்.
அவள் உட்கார்ந்து, தேநீர் ஆறிய பிறகு சொல்லுங்கள்.
சூடாகக் கையில் இருக்கும்போது வேண்டாம்.'

சாதாரணச் சிப்பாய்க்குத் தந்தி இல்லை, தபால்தான்.
என்னைப்போல் ஒருவன் செவ்வாய்க்கிழமை
பழுப்பு உறையைப் பதினான்கில் போட்டிருக்கிறான்,
சரியான விலாசத்தில்.
வெள்ளிவரை
அது ரொட்டிப் பானைக்கு அடியில் இருந்தது.
அந்த நாலு நாளும் எம்மட் வீட்டில்
யாரும் ரொட்டி தின்னவில்லை என்றார் லெஸ்லி.
குடும்பத்தில் அப்படிப் பேச்சு.
இடையில் ஹன்னா வந்து உப்புக் கேட்டாளாம்.
சாம்பல்நிறக் காலுறை ஒன்றைப் பின்னி முடித்து
வெள்ளி இரவு
மற்றதைத் தொடங்கினாளாம்.

இந்தத் திங்கள் அலுவலகத்தின் பதில்.
ஆதாரங்கள் ஏற்கப்பட்டன.
14 என்பது 41 எனத் திருத்தப்படும்.
கீழே கையொப்பம் இடவும்.
மறுப்பு இருந்தால் காரணம் எழுத
ஒரு கட்டம், தீப்பெட்டி அளவில்.

பேனாவை எடுத்து வைத்துவிட்டேன்.
பொய் சொன்னான் என்று எழுதுவதா,
சொன்னதுதான் சரி என்று எழுதுவதா?

இன்று எனக்கு விடுப்பு.
எனக்குப் பதிலாக வந்த பொடியன்
பதினான்கின் ஷாஹிதா கௌசருக்கு வந்ததை
என் கதவில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறான்.
ஆஸ்பத்திரி முத்திரை.
பேருந்தில் இருந்து இறங்கி
அவள் கதவைத் திறப்பது தெரிந்தது.
விளக்குப் போட்டாள். கெண்டியில் நீர் பிடித்தாள்.
நான் சப்பாத்தை மாட்டிக்கொண்டு
கடிதத்தோடு ஜன்னலடியில் நின்றேன்,
அவள் உட்காரட்டும் என்று.